அட்சதை விழாத கல்யாணம்

போன வருஷம் ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை மகள் வீடியோ காலில் வந்தாள். மடியில் ஏழு மாதப் பாப்பா. போனைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தது. பிடுங்க முடியாதபோது அழவில்லை, சிரித்தது.

"அத்தான், பாப்பா சிரிச்சா எங்கம்மா மாதிரியே இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஃபோட்டோல எங்கயும் அம்மா சிரிக்கல. நீங்க போட்டுக் குடுத்த டிவிடில மூஞ்சியே கட்டம் கட்டமா இருக்கு. அதக் கொஞ்சம் சரிபண்ண முடியுமா?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. பிளம்பரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "பாக்கறேம்மா" என்றேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த டிவிடியைப் போட்டுக் கொடுத்தவன் நான். அதில் என்னென்ன தப்பு செய்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சித்தப்பா கல்யாணம் 1993-ஆம் வருஷம் ஆவணி மாசம் சாத்தூரில் நடந்தது. எனக்கு ஆறு வயது. அத்தை மகள் அப்போது கைக்குழந்தை, இன்றைக்கு அவள் மடியில் இருந்த பாப்பாவின் அதே வயது. 1996-இல் அத்தை இறந்துபோனாள். நான்கே நாள் காய்ச்சல். இவளுக்கு மூன்று வயதுதான் ஆகியிருந்தது, எதுவும் ஞாபகமில்லை. ஃபோட்டோக்கள் உண்டு. ஆனால் அந்தக் காலத்து ஃபோட்டோவில் யார் சிரித்தார்கள்? கேமராவைப் பார்த்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். அத்தைக்கு வேறு தெத்துப்பல். கேமரா என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். ஆக, அத்தை அசைவது இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சித்தப்பா கல்யாண கேசட்டில்.

*

கல்யாண வீடியோ என்றால் அன்றைக்கு என்ன என்பதை இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோளில் வைத்துப் பிடிக்கிற பெரிய வி.எச்.எஸ். கேமரா. பக்கத்தில் ஒரு பையன் கண் கூசும் லைட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவன் யார் பக்கம் திருப்புகிறானோ அவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். எடுத்த கேசட்டை எடிட்டிங் கடைக்குக் கொண்டுபோய், இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகம், தாமரைக்குள் பெண் முகம் என்று எஃபெக்ட் போட்டு, பின்னால் முழுக்க சினிமாப் பாட்டைச் சேர்த்து, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு காப்பி தருவார்கள்.

அந்த 'காப்பி' என்ற சொல்லில்தான் முதல் இழப்பு இருக்கிறது. கேமராவில் பதிவானது முதல் தலைமுறை. எடிட் செய்தது இரண்டாவது. வீட்டுக்கு வந்தது மூன்றாவது. காந்த நாடாவில் ஒவ்வொரு முறை காப்பி எடுக்கும்போதும் விளிம்புகள் மழுங்கும், நிறம் கசியும், புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும். சிவப்புப் புடவையின் சிவப்பு புடவைக்குள் நிற்காமல் பக்கத்துச் சுவரில் கொஞ்சம் வழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வி.எச்.எஸ். நிறத்துக்கு ஒதுக்கும் இடம் மிகவும் குறைவு, அதனால்தான்.

இரண்டாவது இழப்பு, சத்தம். கல்யாணத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது எதுவும் அந்தக் கேசட்டில் இல்லை. பாட்டுதான் இருக்கிறது. இதைப் பின்னால் அத்தை மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவது இழப்பு நான்.

*

2006. எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, அதில் டிவி டியூனர் கார்டு இருந்தது, புதிதாக டிவிடி ரைட்டரும் போட்டிருந்தேன். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அது பெரிய விஷயம். "கேசட்டை எல்லாம் டிவிடியா மாத்தித் தாரேன்" என்று வீட்டில் அறிவித்தேன். பக்கத்து வீட்டு விசிஆரை இரவல் வாங்கி, மஞ்சள் ஒயரைச் செருகினேன்.

கேசட் 170 நிமிஷம். காலி டிவிடி ஒன்று. இரண்டு டிஸ்கில் போடலாம் என்று தோன்றவே இல்லை. ஒரு கேசட்டுக்கு ஒரு டிஸ்க், அதுதான் கணக்கு என்று நினைத்தேன். அங்கேதான் கணக்கு தப்பியது.

ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 470 கோடி பைட். பிட்டுகளாக எழுதினால் 3,760 கோடி. 170 நிமிஷம் என்பது 10,200 வினாடி. வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு சுமார் 37 லட்சம் பிட், 3.7 மெகாபிட். படம், சத்தம் இரண்டுக்கும் சேர்த்து இவ்வளவுதான். டிவிடி தரக்கட்டுப்பாடு படத்துக்கு மட்டுமே 9.8 மெகாபிட் வரை அனுமதிக்கிறது. நான் கல்யாணத்துக்குக் கொடுத்தது அதில் பாதிகூட இல்லை.

அதையும் உருப்படியாகக் கொடுக்கவில்லை. நான் பயன்படுத்திய மென்பொருள் சத்தத்தைச் சுருக்காமல் பிசிஎம் ஆக எழுதும்படி இருந்தது. நான் மாற்றவில்லை. பிசிஎம் ஸ்டீரியோ 48,000 மாதிரி, 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் வினாடிக்கு 1.5 மெகாபிட். மிச்சம் படத்துக்கு 2.2. அதாவது இடத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் எடிட்டிங் கடைக்காரர் சேர்த்த சினிமாப் பாட்டுக்குப் போய்விட்டது. அதையே ஏசி3 ஆகச் சுருக்கியிருந்தால் 0.2 மெகாபிட்டில் முடிந்திருக்கும். அந்தப் பாட்டுகளெல்லாம் எந்தக் கேசட் கடையிலும் கிடைக்கும். அத்தை கிடைக்கமாட்டாள்.

பிட் பற்றாமல் போனால் என்ன ஆகும்? டிவிடியில் இருக்கும் எம்பெக்-2 முறை ஒவ்வொரு படத்தையும் முழுசாக எழுதுவதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம், நடுவில் "போன படத்திலிருந்து என்ன மாறியது" என்ற குறிப்பு மட்டும். மேடையும் வாழைமரமும் அசையாமல் நிற்கும்வரை செலவில்லை. எல்லாமே ஒரே நேரத்தில் அசைந்தால் குறிப்பு எழுதியே மாளாது. ஒதுக்கிய பிட் போதாதபோது என்கோடர் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உத்தேசமாக ஒரு நிறத்தை அடித்துவிட்டுப் போய்விடும்.

ஒரு கல்யாணத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் அசையும் தருணம் எது? தாலி கட்டும்போதுதான். கெட்டிமேளம், கூட்டம் மொத்தமும் எழுந்து முன்னால் வருகிறது, எல்லாக் கையும் உயர்கிறது, அட்சதை பறக்கிறது. ஆயிரக்கணக்கான அரிசிமணிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறுவேறு இடத்தில். எந்த என்கோடருக்கும் அதைவிட மோசமான காட்சி அமையாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும், பின்னால் நிற்கும் நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சையும் போடுவார். சித்தப்பா கல்யாணத்தில் நாத்தனார் என் அத்தை. லைட் பையன் அவள் பக்கம்தான் திரும்பியிருந்தான். கேசட்டிலேயே அத்தை முகம் நன்றாகத் தெரிந்தது அந்த ஓர் இடத்தில்தான். கட்டம் கட்டமானதும் அதே இடம்தான்.

*

கட்டங்களைப் பார்த்ததும் பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இரைச்சல் நீக்கும் ஃபில்டர்.

யோசனையில் தப்பில்லை. வி.எச்.எஸ். இரைச்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக மாறிக்கொண்டே இருக்கும். என்கோடர் அதையும் 'மாற்றம்' என்றே எண்ணி, மழைபோல விழும் அந்தப் புள்ளிகளைப் பதியவே பாதி பிட்டைச் செலவழிக்கும். முன்கூட்டியே இரைச்சலைக் குறைத்துக் கொடுத்தால் மிச்சமாகும் பிட் முகங்களுக்குப் போகும். இது இன்றைக்கும் உண்மை. அளவில்தான் தவறினேன். ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளினேன்.

அந்த வகை ஃபில்டர் முன்பின் ஃபிரேம்களை ஒப்பிட்டுப் பார்க்கும். மூன்று ஃபிரேமிலும் இருப்பது உண்மை. ஒரே ஒரு ஃபிரேமில் தோன்றி மறைவது இரைச்சல், எடுத்துவிடு. அதற்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். அட்சதை ஒரு புள்ளியில் ஒரு ஃபிரேம்தான் இருக்கும். அதனால் அட்சதையை எடுத்துவிட்டது. அந்த டிவிடியில் எல்லோரும் கையை ஓங்கி வீசுகிறார்கள், கையிலிருந்து எதுவுமே வருவதில்லை. யாரையோ விரட்டுவதுபோல இருக்கும். அத்தை தலையைத் திருப்பும்போது மூக்குத்தி ஒரு கணம் மினுங்கும். அதையும் எடுத்துவிட்டது. முகத்தில் இருந்த சின்னச் சின்ன நிழலை எல்லாம் வழித்துவிட்டு மெழுகு பூசியதுபோல ஆக்கிவிட்டது.

இது போதாதென்று ஃபீல்டு வரிசையையும் மாற்றிப் போட்டிருந்தேன். பழைய டிவி படம் ஒரு வினாடிக்கு 25 ஃபிரேம். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு அரைப் படங்கள், ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை. இதில் எது முன்னால் என்று என்கோடரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். டிவி கேமராவிலிருந்து நேரடியாக எடுக்கும் டிவி வடிவத்தில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். என் டியூனர் கார்டு கொடுத்தது மேல் ஃபீல்டு முதலில். நான் எங்கோ பார்த்த டிவி கேமரா செட்டிங்கை அப்படியே போட்டேன். விளைவு, அசைவெல்லாம் ஓர் அடி முன்னால், அரை அடி பின்னால். சித்தப்பா தாலி கட்டும் கை உதறிக்கொண்டே போகும். கம்ப்யூட்டர் திரை இரண்டு ஃபீல்டையும் ஒன்றாகக் காட்டிவிடுவதால் எனக்குத் தெரியவில்லை. டிவியில் போட்டபோதுதான் தெரிந்தது. "உங்க சித்தப்பாவுக்கு அன்னிக்கு அவ்ளோ பயம்" என்று அம்மா சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

கடைசியாக, அழகுக்காக டிஸ்க்கின் மேல் கல்யாண ஃபோட்டோவைக் காகித ஸ்டிக்கராக அச்சடித்து ஒட்டினேன். டிவிடி வேகமாகச் சுற்றும் பொருள். மேலே ஒட்டிய காகிதம் கொஞ்சம் கோணலாக இருந்தாலே சமநிலை கெடும், நாளாக நாளாகப் பசை இறுகி டிஸ்க்கையே லேசாக வளைக்கும். எழுதுவது உள்ளிருந்து வெளியே என்பதால் முதலில் அடிபடுவது வெளி ஓரம், அதாவது படத்தின் கடைசிப் பகுதி. எங்கள் டிஸ்க்கில் பந்திக் காட்சி உறைந்துபோய் நிற்கும்.

இவ்வளவையும் செய்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன்: "இனி கேசட் எதுக்கும்மா, தூக்கிப் போட்டுரு."

*

மாமா அந்த டிஸ்க்கைத்தான் இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரியும். அத்தை போனபிறகு மாமா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் தனியாக இருக்கிறார். பட்டன் போன்தான். ஆனால் டிவிடி பிளேயர் வைத்திருக்கிறார். "வருஷா வருஷம் அம்மா திதி அன்னிக்கு போடுவாரு அத்தான். நின்னு நின்னுதான் ஓடும். துடைச்சுத் துடைச்சுப் போடுவாரு" என்றாள் அத்தை மகள்.

அதனால் வேலை இரண்டு என்று ஆயிற்று. அவளுக்கு ஒரு ஃபைல். மாமாவுக்கு ஒரு டிஸ்க். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் அவர் பார்க்கமாட்டார். அவருக்குத் தெரிந்தது டிஸ்க்கைப் போட்டு, மூடி, பிளே அழுத்துவது.

அம்மாவுக்கு போன் செய்து கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்காது என்று நினைத்துத்தான் கேட்டேன். "உங்கப்பா பீரோ மேல வச்சிருக்காரு" என்றாள். அப்பா அந்த டிவிடியை ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. தங்கையின் கேசட்டை மட்டும் பாலிதீன் பையில் சுற்றி, உள்ளே இரண்டு அந்துருண்டை போட்டு வைத்திருந்தார்.

கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. பூஞ்சை. அப்படியே விசிஆரில் போடக்கூடாது. போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டும், ஹெட் நாடாவைக் கீறும், அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். யூடியூபில் இரண்டு ராத்திரி பார்த்து, வேறு உதவாத கேசட் ஒன்றில் பழகிவிட்டு, பிறகுதான் இதில் கை வைத்தேன். முகத்தில் மாஸ்க். அடியில் ஐந்து ஸ்குரூ. திறந்து, இரண்டு சுருளையும் எடுத்து, சுத்தமான வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றி, நூல் பிரியாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, கையால் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். லேசான பூஞ்சை என்பதால் துணிந்தேன். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் தொட்டிருக்கமாட்டேன், தெரிந்தவர்களிடம் கொடுத்திருப்பேன்.

விசிஆர் அடுத்த சிக்கல். உலகத்தில் கடைசியாக அதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய நிறுவனம் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் நாலு சனிக்கிழமை அலைந்து ஒரு பழைய மெஷின் பிடித்தேன். எஸ்-வீடியோ அவுட் இருக்கும் மெஷினாகப் பார்த்தேன். வி.எச்.எஸ். நாடா வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. மஞ்சள் ஒயர் இரண்டையும் கலந்து அனுப்பும், மறுமுனையில் பிரிக்கும்போது விளிம்புகளில் புள்ளி ஊரும். எஸ்-வீடியோ கலக்காமலே அனுப்பும். பழுதுபார்க்கும் பெரியவர் பெல்ட்டை மாற்றி, வெள்ளைக் காகிதத்தை ஆல்கஹாலில் நனைத்து ஹெட்டின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் சுற்றினார். "மேலயும் கீழயும் தேய்ச்சிராதீங்க தம்பி, ஹெட்டு உடைஞ்சிரும்" என்றார். எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். ஹெட் சுத்தம் செய்ததற்குக் காசு வாங்கவில்லை.

*

இந்த முறை செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யார் வீட்டிலாவது பீரோ மேல் ஒரு கேசட் இருக்கலாம்.

முதலில் நாடாவை ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, முழுக்கப் பின்னால் சுற்றினேன். பல வருஷம் கிடந்த சுருளின் இறுக்கம் சீராகும். கேப்சர் செய்யும்போது நேரடியாக எம்பெக்-2 ஆக்கவில்லை. 2006-இல் ஹார்டு டிஸ்க்கில் இடமில்லாமல் அப்படிச் செய்தேன். அதாவது ஒருமுறை கசக்கியதை மறுபடி கசக்கினேன். இப்போது இழப்பில்லாத முறையில் எடுத்தேன். 720-க்கு 576 அளவில் சுருக்காத படம் மணிக்கு சுமார் 75 ஜிபி. இழப்பில்லாமல் சுருக்கினால் ஏறக்குறைய பாதி. இன்றைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நாடாவின் இழுவை சீராக இல்லாததால் நேர்கோடுகள் நெளியும். தூண் தண்ணீருக்குள் தெரிவதுபோல ஆடும். ஒவ்வொரு வரியின் நேரத்தையும் சரிப்படுத்துவதற்கு டிபிசி என்றொரு கருவி உண்டு, விலை அதிகம். சில பழைய டிவிடி ரெக்கார்டர்கள் வழியாக சிக்னலைச் செலுத்தினாலே நெளிவு பெரும்பாலும் நின்றுவிடும். அப்படித்தான் செய்தேன்.

பிறகு அளவு. 720 பிக்சல் அகலத்தில் எழுதினால் தரம் கூடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் வி.எச்.எஸ். தருவது 240 வரி விவரம். 4:3 திரையின் முழு அகலத்துக்குக் கணக்கிட்டால் 320. டிவிடி தரத்தில் 352-க்கு 576 என்ற அளவும் சட்டப்படி உண்டு, பிளேயரே விரித்துக் காட்டிக்கொள்ளும். 720-இல் எழுதுவது இல்லாத விவரத்துக்கு இரண்டு மடங்கு இடம் ஒதுக்குவது. பாதி அகலத்தில் எழுதியபோது ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் பிட் இரண்டு மடங்கானது. உயரத்தில் கை வைக்கவில்லை, அதில்தான் ஃபீல்டுகள் இருக்கின்றன.

இரண்டு டிஸ்க். முதலாவது தாலி கட்டி முடியும்வரை, இரண்டாவது பந்தியிலிருந்து. டிஸ்க்குக்கு 85 நிமிஷம் என்றால் வினாடிக்கு 7 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கிறது. சத்தம் ஏசி3. பிட்ரேட் நிலையாக இல்லாமல் மாறும்படி, இரண்டு சுற்றாக என்கோட் செய்தேன். முதல் சுற்றில் என்கோடர் படம் முழுவதையும் பார்த்து எங்கே கஷ்டம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில் ஐயர் மந்திரம் சொல்லும் இடத்தில் மிச்சம்பிடித்து அட்சதைக்குக் கொடுக்கும். உச்சத்தை 8-க்கு மேல் விடவில்லை. வீட்டில் எழுதிய டிஸ்க்கில் அதற்கு மேல் போனால் பழைய பிளேயர்கள் திணறும். ஃபீல்டு வரிசையை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இரைச்சல் நீக்கும் ஃபில்டரை நிறத்துக்கு மட்டும், அதுவும் லேசாகப் போட்டேன். வெளிச்சத்தைத் தொடவில்லை. புள்ளிகள் அப்படியே இருக்கட்டும்.

*

செய்யக்கூடாத ஒன்றையும் செய்து பார்த்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

தாலி கட்டும் காட்சியில் அத்தை முகம் திரையில் நாற்பது பிக்சல் அகலம்கூட இல்லை. அத்தை மகளிடம் முதல் மாதிரியை அனுப்பியபோது, "முன்னைக்கு இது எவ்வளவோ மேல். இன்னும் கொஞ்சம் தெளிவா ஆக்க முடியாதா அத்தான்?" என்று கேட்டாள். ராத்திரி ஏஐ அப்ஸ்கேலர் ஒன்றில் அந்த நாற்பது வினாடியைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வந்தது. பிரமாதமாக இருந்தது. கண் இமை தெரிந்தது, புருவம் தெரிந்தது. அத்தை சிரித்தாள். பல் வரிசை பற்பசை விளம்பரம் மாதிரி இருந்தது.

தெத்துப்பல்லைக் காணோம்.

அதன்மேல் குற்றமில்லை. நாற்பது பிக்சலுக்குள் ஒரு பல்லுக்கு ஓரிரு பிக்சல்தான் கிடைக்கும். தெரியாத இடத்தை, தான் பார்த்த லட்சக்கணக்கான முகங்களின் சராசரியால் நிரப்பியிருக்கிறது. 2006-இல் என் ஃபில்டர் இருந்ததை எடுத்தது. இது இல்லாததைச் சேர்த்தது. ஆனால் இதை அனுப்பினால் அவள் சந்தோஷப்படுவாள். அந்தச் சிரிப்பைப் பாப்பாவின் சிரிப்போடு ஒப்பிட்டு ஸ்டேட்டஸ் வைப்பாள். அவளுக்கு அம்மா ஞாபகம் இல்லை. இதுதான் ஞாபகம் ஆகிவிடும். அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் என்னை உறுத்தியது. ஃபைலை அழித்தேன். மறுநாள் போனில் உண்மையைச் சொன்னேன். "இதுக்கு மேல கேசட்ல இல்லம்மா. இன்னும் தெளிவா காட்டினா அது வேற யாரோ."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா குரல் எங்கயாச்சும் இருக்கா?" என்றாள்.

"இல்லம்மா. பாட்டுதான் போட்டிருக்காங்க."

"சரி அத்தான்."

பிட்ரேட்டை எவ்வளவு ஏற்றினாலும் அதற்குப் பதிலில்லை.

*

டிஸ்க்கை எழுதும் முன் கடைசியாக ஒருமுறை, ஃபில்டரைப் பார்க்காமல், ஹிஸ்டோகிராமைப் பார்க்காமல், கல்யாணத்தைப் பார்த்தேன். யோசித்தால் முதல் தடவையாக. 2006-இல் நான் பார்த்ததெல்லாம் கட்டங்களைத்தான், ஆட்களை இல்லை.

சித்தப்பா முதல் முடிச்சைப் போடுகிறார். கை உதறவில்லை. பயந்தவர்போலவும் தெரியவில்லை. அட்சதை விழுகிறது. முப்பது வருஷத்துக்கு முந்தைய அரிசி, மணி மணியாக, லைட் வெளிச்சத்தில் பறக்கிறது. அத்தை குனிகிறாள். மூக்குத்தி இரண்டு மூன்று ஃபிரேம் மினுங்குகிறது. இரண்டாவது முடிச்சுக்கு நூலைப் பிடிக்கிறாள், இடது கையால். பக்கத்தில் ஆச்சி, இடுப்பில் ஒரு குழந்தையோடு. அந்தக் குழந்தைதான் எனக்கு போன் செய்தவள். ஆச்சி சட்டென்று அத்தையின் இடது கையில் ஓர் அடி போடுகிறாள். நல்ல காரியத்தில் இடது கையா? அத்தை நிமிர்ந்து ஆச்சியைப் பார்க்கிறாள். சிரிக்கிறாள். கேமராவுக்காக இல்லை, அம்மாவிடம் மாட்டிக்கொண்ட பெண்ணின் சிரிப்பு. உதட்டை இறுக்க மறந்துவிட்டாள். நூலை வலது கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி குனிகிறாள். மொத்தம் நாலு வினாடி.

பழைய டிவிடியில் அந்த நாலு வினாடியைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள், அதற்கு நடுவே இரண்டு மெழுகு உருவங்கள். அடி இல்லை, சிரிப்பு இல்லை.

அந்த இடத்தை வெட்டி அத்தை மகளுக்கு அனுப்பினேன். மொபைலுக்கு என்பதால் ஃபீல்டுகளைப் பிரித்து வினாடிக்கு 50 படமாக்கி அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்து ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு குரல் செய்தி. பின்னால் பாப்பா சத்தம்.

"அத்தான், அம்மா இடது கையா? நானும் இடது கைதான். சின்ன வயசுல எழுதறப்ப அடிச்சு அடிச்சு மாத்தினாங்க. ஒருத்தர்கூட சொல்லலையே, உங்கம்மாவும் இப்படித்தான்னு."

சிரிப்பைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

டிஸ்க்கை மூன்று செட் எழுதினேன். பதினாறு மடங்கு வேகம் என்று போட்டிருந்த டிஸ்க்கில் எட்டு மடங்கு வேகத்தில் எழுதி, எழுதியபின் வெரிஃபை செய்தேன். ஸ்டிக்கர் ஒட்டவில்லை. நடுவில் இருக்கும் கண்ணாடி வளையத்தில் மார்க்கரால் 1, 2 என்று மட்டும் எழுதினேன். ஒரு செட்டை மாமாவுக்கு நானே கொண்டுபோனேன்.

மாமா பழைய டிஸ்க்கை எடுத்து, துடைத்து, உறையில் போட்டு, அலமாரியில் வைத்தபிறகுதான் புதியதைப் போட்டார். இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். தாலி கட்டும் இடம் வந்தது. அடி விழுந்தது. அத்தை சிரித்தாள். மாமா ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

நிறுத்தினால் ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். வி.எச்.எஸ். படத்தை ஒற்றை ஃபிரேமில் நிறுத்தினால் இரைச்சல்தான் முன்னால் வரும், முகம் பின்னால் போய்விடும். ஓடும்போது நம் கண்ணே பல ஃபிரேம்களைச் சேர்த்துப் பார்த்து, மாறிக்கொண்டே இருக்கும் புள்ளிகளைக் கழித்து, மாறாத முகத்தைப் பிடித்துக்கொள்கிறது. எந்த ஃபில்டரையும்விட அது நன்றாகச் செய்யும். இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் நின்ற படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரையில் சாம்பல் புள்ளிகள். பிறகு தானாகவே பின்னுக்கு ஓட்டி, பிளேயை அழுத்தினார். அடி, சிரிப்பு. மறுபடி பின்னுக்கு. மறுபடி பிளே. அதன்பிறகு ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.

"சாப்பாடுகூட இடது கைலதான்" என்றார் மாமா, திரையைப் பார்த்தபடியே. "யாராச்சும் வந்தா மாத்திக்குவா."